மோதிரம் எரிந்தது, முடி எரியவில்லை!

அதிகாரம் ஒரு மோதிரம். அணிந்தவன் பிறரை ஆளத் தொடங்குகிறான். ஆளத் தொடங்கிய அன்றே உள்ளுக்குள் அழியவும் தொடங்குகிறான். கொடியவன் அணிந்தால் மட்டுமே கேடு என்பதில்லை. நல்லவன் அணிந்தால் அந்த நல்லவனே கொடியவனாவான். ஆதலால் அதனைக் கைப்பற்றிப் பயனில்லை, கைமாற்றிப் பயனில்லை, பெட்டியிலிட்டுப் பூட்டியும் பயனில்லை. எந்த நெருப்பிலே வார்க்கப்பட்டதோ அந்த நெருப்பிலேயே போட்டு உருக்கியாக வேண்டும்!

இப்படியொரு கருத்தை நடுவிலே நிறுத்தி ஒருவர் பெருங்கதை படைத்திருக்கிறார் என்று கேட்டால், தோழர்களே, நமக்கு நா ஊறாதா? எனக்கு ஊறிற்று. கல்லூரித் தோழர்கள் சொன்னார்கள். ஆங்கில ஆசிரியர்கள் சொன்னார்கள். "இதைப் படிக்காதவன் கற்பனையின் எல்லையைக் காணாதவன்" என்று கையடித்துச் சொன்னவர்களும் உண்டு. மூன்று தொகுதிகள், ஆயிரம் பக்கங்களுக்கு மேல். பள்ளிக்கூட வேலை முடிந்து, கட்டுரை ஏடுகளைத் திருத்தி வைத்துவிட்டு, இரவு இரவாகப் படித்தேன். முடித்தபோது மோதிரம் எரிந்திருந்தது. ஆனால் என் நெஞ்சில் எரிந்ததோ வேறு.

ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதிய 'லார்ட் ஆப் தி ரிங்ஸ்' நூலைத்தான் சொல்கிறேன். 'மோதிரங்களின் அதிபதி' என்று நாம் தமிழில் வழங்கலாம். ஆசிரியர் ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக் கழகத்தில் பழைய ஆங்கில மொழியின் பேராசிரியராக இருந்தவர். 1916ஆம் ஆண்டு சோம் போர்க்களத்தின் சேற்றிலும் பிணக் குவியலிலும் நின்று திரும்பியவர். 1937இன் இறுதியில் தொடங்கிய கதையைப் பன்னிரண்டு ஆண்டுகள் எழுதினார். 1954இலும் 1955இலும் அது மூன்று பகுதிகளாக வெளிவந்தது. கவிஞர் ஆடன் புகழ்ந்தார், நண்பர் சி. எஸ். லூயிஸ் புகழ்ந்தார். 1997இல் பிரிட்டனில் நூற்றாண்டின் சிறந்த நூல் எது என்று வாசகரைக் கேட்டபோது இதுவே முதலிடம் பெற்றது. 2003இல் பி.பி.சி. கேட்டபோதும் இதுவே. அதன் திரைப்படத்தின் மூன்றாம் பகுதி 2004இல் பதினோர் ஆஸ்கார் பரிசுகளை அள்ளிற்று. எதிர்த்துப் பேசியவர்கள் இல்லாமலில்லை. 1956லேயே அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மண்ட் வில்சன் இதைச் சிறுபிள்ளைக் கதை என்று எள்ளி நகையாடினார். என் வழக்கு அதுவன்று. சிறுபிள்ளைகளுக்கான கதையைச் சிறுபிள்ளைகளோடு அன்றாடம் வாழ்கிற நான் இழிவாக எண்ணுபவன் அல்லன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். ஃப்ரோடோ என்ற குள்ளன் அந்த மோதிரத்தைச் சுமந்து செல்கிறான். ஹாபிட் இனத்தவன், வீரன் அல்லன், மன்னன் மகன் அல்லன். மந்திரம் வல்ல கண்டால்ஃபிடம் மோதிரத்தை நீட்டுகிறான். அவர் நடுங்கி மறுக்கிறார். எல்ஃபுகளின் அரசி கலாட்ரியலிடம் நீட்டுகிறான். அவளும் ஒரு கணம் ஆசைப்பட்டு, பின் மறுக்கிறாள். கடைசியில் எரிமலையின் விளிம்பில் நிற்கும்போது அந்த எளியவனே மோதிரத்தை எறிய மாட்டேன், இது எனது என்கிறான்! எத்தனை துணிவான இடம்! நாயகன் தோற்கிறான். அவனைத் தொடர்ந்து வந்த இழிபிறவியான கால்லம் அவன் விரலைக் கடித்துப் பறித்துக்கொண்டு, களிப்பில் கால் தவறி நெருப்பில் வீழ்கிறான். அதிகாரத்தை எவனாலும் மனமுவந்து துறக்க முடியாது என்ற கசப்பான உண்மையை இவ்வளவு நேராகச் சொன்ன கதைகள் குறைவு. இந்த இடத்திலேயே நூல் முடிந்திருந்தால் இக்கட்டுரைக்கே இடமில்லை.

முடியவில்லையே! மோதிரம் உருகிய சூடு ஆறுவதற்குள் முடி ஒன்று கொண்டுவரப்படுகிறது. அரகார்ன் என்பவனுக்கு முடிசூட்டு விழா. யார் இந்த அரகார்ன்? வீரன், பொறுமையாளன், காடுகளில் அலைந்து எளிய மக்களைக் காத்தவன். இவை அனைத்தும் உண்மை. ஆனால் அவன் அரியணை ஏறுவது இவற்றின் பொருட்டா? அன்று! பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆண்ட ஒரு மன்னனின் நேர் வழித்தோன்றல் அவன்; அதன் பொருட்டு. அவன் நரம்பிலே உயர்குலத்து ரத்தம் ஓடுகிறது. எவ்வளவு உயர்ந்த ரத்தம் என்றால், நம்மைப்போல் அறுபதிலும் எழுபதிலும் தளர்ந்துபோகிற ரத்தம் அன்று. 210 ஆண்டுகள் வாழ்விக்கிற ரத்தம்! பிறப்பில் உயர்வு தாழ்வு இல்லை என்று நாம் சொன்னால், "இல்லையா? இதோ ஆயுட்காலத்தையே பார்" என்கிறது கதை. பிறப்புரிமைக்கு இயற்கையையே சாட்சியாக்கிவிட்டார் ஆசிரியர். எந்த சனாதனியும் இத்தனை உறுதியான சான்றைக் காட்டியதில்லை.

மருத்துவ மனைக் காட்சியைக் கேளுங்கள். போரில் நச்சுமூச்சுத் தாக்கிக் கிடக்கிறார்கள் சிலர். காண்டோர் நாட்டு மருத்துவர்களுக்குக் கைவிட்ட நிலை. கிழவி ஒருத்தி புலம்புகிறாள்: மன்னன் கை மருத்துவன் கை என்று பழமொழி உண்டே, உரிமையுள்ள மன்னன் எவன் என்பதை அதனால் அறியலாம் என்பார்களே, இன்று மன்னன் இல்லையே என்று! அரகார்ன் வருகிறான். அதெலாஸ் என்றொரு பச்சிலை கேட்கிறான். மருந்துச் சாலையின் தலைவர் வருகிறார். அந்த இலைக்கு எத்தனை மொழியில் எத்தனை பெயர் என்று ஒப்பிக்கிறார். பழம்பாட்டு ஒன்றையும் சொல்கிறார். ஆனால் அதற்கு மருத்துவ குணம் ஏதுமில்லை, ஆகவே கிடங்கில் வைத்திருக்கவில்லை என்கிறார். எப்படியோ காய்ந்த இலைகள் சில கிடைக்கின்றன. மன்னன் வழித்தோன்றல் அவற்றின்மீது ஊதி, கசக்கி, கொதிநீரில் இடுகிறான். அறையெங்கும் நறுமணம்! நோயாளிகள் கண் விழிக்கிறார்கள்! மன்னன் வந்துவிட்டான் என்ற செய்தி நகரெங்கும் பரவுகிறது!

பாருங்கள் இந்த அழகை. இலை ஒன்றே. ஊரார் தலைவலிக்குப் போட்டுக் காய்ச்சிய அதே இலை. மருத்துவன் கையில் அது சருகு; மன்னன் கையில் அது மருந்து. படித்தவன் பெயர் பெயராக அடுக்கிக்கொண்டு கேலிக்குரியவனாய் நிற்கிறான், பிறந்தவன் குணப்படுத்துகிறான்! "அரகார்ன் எல்ஃபுகளிடம் வளர்ந்து மருத்துவம் கற்றவன் ஐயா" என்று டோல்கீன் அன்பர்கள் குறுக்கிடுவர். கற்றான் என்பதை நானும் மறுக்கவில்லை. கற்றதனால்தான் குணமாயிற்று என்றால், கிழவியின் வாயில் அந்தப் பழமொழி எதற்கு? கல்வி மட்டும் போதுமென்றால் அந்த மருந்துச் சாலைத் தலைவருக்கும் ஓரிரண்டு நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாமே! பழைய இங்கிலாந்திலும் பிரான்சிலும் மன்னன் தொட்டால் கண்டமாலை நோய் தீரும் என்று நம்பி மக்கள் வரிசையில் நின்றார்கள். அறிவு வளர்ந்து, நாணத்தோடு கைவிடப்பட்ட அந்தப் பழக்கத்தைத் தூசு தட்டி, இருபதாம் நூற்றாண்டின் நடுவிலே பட்டாடை உடுத்தி அனுப்பியிருக்கிறார் ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர்.

அரியணை காலியாகக் கிடந்த காலத்தில் அந்த நாடு என்ன ஆயிற்று? அங்கேதான் வேடிக்கை. மன்னர் மரபு அற்றுப்போனபின் காப்பாளர் மரபினர் இருபத்தாறு பேர், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள், அந்நாட்டைக் காத்திருக்கிறார்கள். எதிரியின் வாசலிலே இருந்துகொண்டு, தலைமுறை தலைமுறையாகக் குருதி கொட்டி! (அதுவும் தந்தைக்குப் பின் மைந்தன் என்ற ஏற்பாடுதான், அதற்காக நான் கொடி பிடிக்கவில்லை.) ஆயினும் அவர்கள் அரியணையில் அமரக் கூடாது. உயரத்தில் வெறும் அரியணை, கீழ்ப்படியில் ஒரு கருங்கல் நாற்காலி, அதில் காப்பாளர். பாதுகையை மேலே வைத்து, பரதன் கீழே அமர்ந்த கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்த நமக்கு இது புதிய காட்சியா?

சிறுவன் பொரோமிர் தந்தையைக் கேட்கிறான்: மன்னன் திரும்பாவிட்டால், காப்பாளன் மன்னனாவதற்கு எத்தனை நூறு ஆண்டுகள் வேண்டும்? பிள்ளை கேட்ட கேள்வி! கதை முழுவதிலும் இதைவிட அறிவார்ந்த கேள்வி இல்லை. தந்தை டெனதோர் விடை சொல்கிறார்: வேறு தரங்குறைந்த நாடுகளில் சில ஆண்டுகள் போதும், நம் காண்டோரில் பத்தாயிரம் ஆண்டும் போதாது. கேள்வி கேட்ட பையனைக் கதாசிரியர் என்ன செய்தார் தெரியுமா? மோதிரத்துக்கு ஆசைப்படவைத்து, அம்பு பாய்ச்சிக் கொன்றார். விடை சொன்ன தந்தையைப் பித்துப் பிடிக்கவைத்துத் தீக்குளிக்கச் செய்தார். கேள்வியே கேட்காத இளைய மகன் ஃபராமிர் எஞ்சுகிறான். மன்னனிடம் பதவிக் கோலை ஒப்படைத்துப் பணிகிறான்.

இந்த ஃபராமிர் நூலிலேயே மென்மையானவன், கல்வியில் தோய்ந்தவன். அவன் வாயிலிருந்துதான் வருகிறது மாந்தரின் மூன்று தட்டு: மேற்கிலிருந்து வந்த உயர்ந்தோர், அந்தி ஒளியில் வாழும் இடையோர், இருளில் கிடக்கும் காட்டார்! கொடியவன் ஒருவன் இதைச் சொல்லியிருந்தால் படிப்பவன் முகம் சுளிப்பான். இனிக்கப் பேசுகிறவன் சொல்வதால் இனிப்போடு இறங்கிவிடுகிறது.

"கதை நடப்பது பழங்காலம்போன்ற ஓர் உலகம், அங்கே போய் வாக்குப் பெட்டியைத் தேடலாமா?" என்று கேட்பார்கள். தேட வேண்டியதே இல்லை, ஐயன்மீர். நூலின் முன்பகுதியிலேயே இருக்கிறது! ஹாபிட்டுகள் வாழும் ஷயர் நாட்டில் ஏழாண்டுக்கு ஒருமுறை திருவிழா நாளில் மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆக, ஆசிரியருக்குத் தேர்தல் தெரியும். மரங்கள் நடந்து சென்று போரிடுகின்றன. பேருருக் கழுகுகள் பேசுகின்றன. இறந்தோர் படை திரட்டி வருகிறார்கள். ஒரு மோதிரத்துக்குள் உயிர் குடியிருக்கிறது. இத்தனையையும் நினைத்துப் பார்க்க முடிந்த மனத்துக்கு, மன்னன் இல்லாத காண்டோர் ஒன்றை மட்டும் நினைக்க முடியவில்லை! எல்லையற்ற கற்பனை என்று கொண்டாடப்படும் நூலின் எல்லை இங்கே சரியாகக் கோடு போட்டதுபோல் தெரிகிறது. முடிசூட்டு நாளில் மக்களைக் கேட்டார்களே என்பீர்கள். ஆம், இவர் மன்னராகலாமா என்று கேட்டார்கள். எல்லோரும் ஒரே குரலில் ஆகலாம் என்றார்கள். ஒரே பெயரை நீட்டிவிட்டு, உடைவாள் ஏந்தியோர் நடுவே கேட்கப்படும் கேள்விக்கு ஒரே குரலில்தான் விடை வரும்.

இத்தனைக்கும் டோல்கீன் குருட்டுப் பழமைவாதி அல்லர் என்பதுதான் என் வருத்தத்தைக் கூட்டுகிறது. 1938இல் அவருடைய முந்தைய நூலை மொழிபெயர்க்க விரும்பிய ஜெர்மன் பதிப்பகம் ஒன்று, "நீர் ஆரியரா?" என்று கேட்டு எழுதிற்று. இட்லர் காலம். அவர் வரைந்த மறுமொழியை நம் தோழர்கள் அறிய வேண்டும். ஆரியம் என்பது மொழியினத்தின் பெயர். என் முன்னோர் எவரும் இந்துஸ்தானியோ பாரசீகமோ பேசியதாக நான் அறியேன். யூதக் குருதி உண்டா என்பது உம் கேள்வியானால், அந்த ஆற்றல்மிக்க மக்களில் எனக்கு முன்னோர் இல்லையே என்று வருந்துகிறேன் என்ற கருத்தில் சூடாகத் தீட்டியிருந்தார். மொழியாராய்ச்சியை இனவெறிக்கு முரசாக்கியவர்களின் கன்னத்தில் அறைந்த எழுத்து! 1943இல் மகனுக்கு எழுதிய கடிதத்தில், பிறரை ஆளுவதே மனிதனுக்குச் சற்றும் பொருந்தாத தொழில் என்றார். அதே கடிதத்தில் தன் நாட்டம் ஒருபுறம் ஆட்சியே இல்லாத நிலைமீதும் மறுபுறம் கட்டுப்பாடற்ற முடியாட்சிமீதும் சாய்வதாக எழுதினார். மோதிரத்தை எரித்த கையும் முடியைச் சூட்டிய கையும் ஒரே கடிதத்தில் இருக்கின்றன!

1958இல் எழுதிய இன்னொரு கடிதமும் உண்டு. கதையைத் திரைப்படமாக்க ஒரு திட்டம் வந்தபோது, பகைவர் படையினரான ஆர்க்குகள் எப்படி இருப்பர் என்று விளக்குகிறார்: குட்டையர், தட்டை மூக்கர், மஞ்சள் பாய்ந்த தோலர், அகன்ற வாயர், சாய்ந்த கண்ணர், ஐரோப்பியர் பார்வையில் அழகு குறைந்த மங்கோலிய வகையினரின் சீர்கெட்ட வடிவினர் என்று. ஐரோப்பியர் பார்வையில் என்று அவரே ஓர் எச்சரிக்கை வைத்தார். வைத்தும் என்ன? தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வருவோர் கறுத்தவர்களாகவும் பகைவன் பக்கத்தவர்களாகவும்தானே கதையில் வருகிறார்கள்! விழுந்து கிடந்த தெற்கத்தியான் ஒருவனைக் கண்டு, தோட்டக்காரன் சாம், இவன் பெயர் என்னவோ, எங்கிருந்து வந்தானோ, உண்மையிலேயே தீய நெஞ்சினனோ, பொய் சொல்லி இழுத்து வந்தார்களோ என்று எண்ணுகிறான். அருமையான வரிகள், சோம் போர்க்களத்தைக் கண்ட கண்ணின் வரிகள். ஆனால் ஒரு மூச்சு நேரந்தான். அந்தப் பெயர் தெரியாதவனைக் கடந்து யானை ஒன்று பிளிறிக்கொண்டு ஓடுகிறது; படிப்பவன் மனமும் யானையின் பின்னே ஓடிவிடுகிறது.

ஆர்க்குகளில் இருவர் தனியே பேசிக்கொள்வதை அதே சாம் ஒளிந்திருந்து கேட்கும் இடம் ஒன்று உண்டு. என்ன பேசுகிறார்கள்? மேலதிகாரிகளின் கொடுமையைப் பற்றி. போர் முடிந்ததும் நம்பிக்கையான தோழர் சிலரோடு நழுவிச் சென்று, பெரிய தலைவர்கள் இல்லாத ஓர் இடத்தில் பிழைப்பைப் பார்ப்போம் என்று. கொள்ளைதான் அவர்கள் அறிந்த பிழைப்பு, ஒப்புகிறேன். ஆனாலும் எண்ணிப் பாருங்கள்! இந்த நூலில், தலைமேல் எவனும் இல்லாத வாழ்வு வேண்டும் என்று வாய்விட்டு ஆசைப்படுவோர் இந்த இரண்டு இழிபிறவிகள். மன்னன் வேண்டும் என்று ஏங்குவோர் நல்லோர். அடுத்த பகுதியில் ஒரு சட்டைக்காக இரு கூட்டமும் தம்முள் வெட்டிக்கொண்டு மடிகின்றன. ஆசையும் மடிகிறது.

பகைவன் படைகளுக்குச் சோறு எங்கிருந்து வந்தது? நூர்னென் என்ற ஏரிக்கரையில் அடிமைகள் உழுத வயல்களிலிருந்து. அவர்களைப் பற்றி ஆயிரம் பக்கத்தில் ஓரிரு வரி. வெற்றிக்குப்பின் மன்னன் அவர்களை விடுவித்து அந்நிலத்தை அவர்களுக்கே அளித்தான் என்று ஒரு வரி. நிலத்தை உழைத்தவனுக்கே தந்த செயல், வாழ்த்துகிறோம். ஆனால் அந்த மனிதர்களில் ஒருவனுக்கேனும் ஒரு பெயர், ஒரு முகம், ஒரு பேச்சு? குதிரைகளுக்குப் பெயர் இருக்கிறது. வாளுக்கும் பெயர் இருக்கிறது!

என் வகுப்பு மாணவன் ஒருவன் திரைப்படத்தைப் பார்த்துவிட்டு வந்தான். ஒன்பதாம் வகுப்பு, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை, படிப்பில் கெட்டி. "ராஜா வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது ஐயா" என்றான், கண் பளபளக்க. நான் அவனை மறுத்துப் பேசவில்லை. "நீ அந்த ஊரில் பிறந்திருந்தால் யாராக இருந்திருப்பாய்?" என்று மட்டும் கேட்டேன். "அரகார்ன்!" என்றான் உடனே. அவனுக்கு அது கிடைக்காது, அவன் தந்தையின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கதைதானே என்று எளிதாகச் சொல்கிறவர்கள் அந்தப் பையனின் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். உரிமையுள்ளவன் ஒருவன் எங்கோ மறைந்திருக்கிறான், அவன் வரும்வரை நாம் கருங்கல் நாற்காலியில் காத்திருக்க வேண்டும் என்ற நினைப்பு, கதைப் புத்தகத்தில் மட்டுமா குடியிருக்கிறது? மேடையிலே தலைவரின் பிள்ளை ஏறினால் கீழே எழும் கைதட்டலின் ஓசையைக் கேட்டவர்களுக்கு விளங்கும். நம் கொட்டகைக் கைதட்டலும் அதில் உண்டு என்பதை எழுதாமல் டோல்கீனை மட்டும் சாடுவது கோழைத்தனம்.

உட்பொருள் வைத்து எழுதவில்லை என்று ஆசிரியரே மறுத்திருக்கிறாரே என்பது கடைசி அரண். இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் மறுத்தார்தான். அங்கேயே, கதையைத் தம் வாழ்வோடு பொருத்திப் பார்க்கும் உரிமை படிப்பவருக்கு உண்டென்றும் சொன்னார். அந்த உரிமையைத்தான் எடுத்துக்கொண்டேன்.

இவ்வகைக் கதைக்கே பிறப்புப் பெருமை இன்றியமையாதது போலும் என்றும் எண்ண வேண்டாம். 1968இல் அமெரிக்கப் பெண்மணி உர்சுலா லெ குவின் 'எ விசார்ட் ஆப் எர்த்சீ' எழுதினார். நாயகன் வெண்கலக் கொல்லனின் மகன், ஆடு மேய்த்தவன், செம்பழுப்புத் தோலன். அவன் வெல்ல வேண்டிய நிழலும் வேற்றினத்தான் அன்று, அவனுடைய செருக்கே. (பிற்பாடு அவரும் ஓர் இளவரசனுக்கு முடி சூட்டினார், அந்த வழக்கை வேறொரு நாள் பேசுவோம்.)

டோல்கீன் நூலில் எனக்கு மிக நெருங்கியவன் சாம். தோட்டக்காரன், தோட்டக்காரனின் மகன். அவன் ஃப்ரோடோவை 'ஐயா' என்பான். ஃப்ரோடோ அவனைப் பெயர் சொல்லி அழைப்பான். ஆயிரம் பக்கம் கடந்தும் இது மாறவில்லை. நடக்க இயலாத தலைவனை முதுகில் சுமந்து எரிமலை ஏறுகிறான், அப்போதும் 'ஐயா'தான். இடையில் மோதிரம் அவன் கைக்கு வந்தபோது, பெரிய தோட்டம் ஒன்றைக் காட்டி ஆசை ஊட்டிற்று. தன் கையால் பயிரிட ஒரு சிறு தோட்டம் போதும் என்று தள்ளிவிட்டான். பிறகு, தயங்கினாலும், உரியவனிடமே திருப்பிக் கொடுத்தான். அரசியும் மந்திரவாதியும் தொடவே அஞ்சியதைத் தொட்டு, சுமந்து, திருப்பிக் கொடுத்தவன்! முதல் உலகப் போரில் தாம் கண்ட சாதாரணச் சிப்பாய்களின் சாயலே சாம் என்றும், அவர்கள் தம்மைவிட எவ்வளவோ உயர்ந்தவர்கள் என்றும் ஆசிரியரே எழுதினார். அறிந்திருந்தார்! அறிந்திருந்தும் முடியை வேறிடத்துக்கு அனுப்பினார்.

இந்த சாம் பின்னாளில் ஷயர் நாட்டு மேயராகத் தேர்ந்தெடுக்கப்படுகிறான், ஒருமுறையன்று, ஏழுமுறை. எதிர்த்து நின்றவர் யார், என்ன பேசி வாக்குக் கேட்டான், தோட்டக்காரன் மகனா என்று எவரேனும் முணுமுணுத்தனரா, ஏழுமுறையும் எதற்காக அவனையே விரும்பினர்? ஒன்றும் தெரியாது. முடிசூட்டு விழாவுக்குக் கொடிகளும் எக்காளங்களும் வெள்ளை மரமுமாகப் பக்கம் பக்கமாக இடம் கிடைத்தது. சாமின் தேர்தல்களோ கதைக்கு வெளியே, பின்னிணைப்பில், ஆண்டு வரிசைப் பட்டியலில், சிறு குறிப்புகளாகக் கிடக்கின்றன.